பழைய வேன்களில் தண்ணீர் கொதித்தலும் அதன் காரணம் காணும் முறையும்

சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலமுடைய குடும்பங்கள் பலவற்றில் உழவு டிராக்டரோடு பழைய வேன் ஒன்றும் இருந்துவருதல் சாதாரணமாகக் காணத்தக்கது. விதையும் உரமும் கொண்டுவரவும், காய்கறிகளைச் செங்கற்பட்டுக்கு எடுத்துச் செல்லவும் அது உதவுகிறது. சிலர் பின்புற ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டிலும் தண்ணீர்ப் பீப்பாயும் அமைத்து, குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் முதலிய இடங்களுக்குச் சென்று இரவு தங்கி வருவதற்கும் அதையே ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். இவ்வண்டிகளில் பெரும்பாலானவை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பூனாவில் பஜாஜ் டெம்போ நிறுவனம் செய்து வெளியிட்ட மட்டடார் இவ்வகையில் பெயர் பெற்றது. இதே நெடுஞ்சாலையின் மேல் பெருங்களத்தூரில் 1988-ஆம் ஆண்டு வரை நடைபெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்த ‘ஸ்டாண்டர்டு 20’ என்னும் சிறு வேனையும் முதியோர் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

இவ்விதமான வண்டிகளுக்கு உண்டாகும் கோளாறுகளுள் முதன்மையானது ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்தல். அது வரும் காலமும் பொல்லாத காலமே. நவரை நெல் அறுவடையாகிக் களத்தில் கிடப்பதும், சொர்ணவாரிக்கு நிலம் திருத்துவதும், கத்திரி வெயில் காய்வதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நேருகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி உஷ்ணம் 45 டிகிரி வரை ஏறியது. கடற்காற்று எட்டாத உள்நாட்டுச் சாலையில் அத்தகைய நாளில் மூட்டை ஏற்றிச் செல்லும் பழைய எஞ்சினுக்கு ஏற்படும் சிரமம் சொல்லாமலே விளங்கும். கோடை மழை திரண்டு வருகையில் நெல்லோடு வண்டி வழியில் நின்றுவிடுமாயின் நஷ்டம் எஞ்சினோடு நிற்பதில்லை.

எஞ்சினுக்கு வரும் நஷ்டமும் சிறிதன்று. கொதித்த நிலையில் இன்னும் இரண்டு மைல் ஓட்டிவிடலாம் என்று துணிந்தவர்கள் சிலிண்டர் மூடி வளைந்து, காஸ்கெட் வெந்து, பிஸ்டன் இறுகிப்போன எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்துவர நேர்ந்திருக்கிறது. அதைச் சீர்ப்படுத்தும் செலவு சில சமயங்களில் வண்டியின் விலையையே எட்டிவிடும். ஆனால் இந்நிலைக்குக் காரணமாயிருந்தது பல தடவைகளில் ஒரு ரப்பர் வளையமோ, தளர்ந்த பெல்ட்டோ, அடைபட்ட குழாயோதான். ஆகையால் பட்டறைக்குச் சென்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன், எளிய சோதனைகளை வரிசையாகச் செய்து காரணத்தின் இடத்தைக் கண்டுகொள்ளுதல் மிகவும் அவசியம்.

எஞ்சினில் எரியும் டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பாகம் புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரே ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று காற்றில் விடுதல் வேண்டும். எனவே தண்ணீர் போதிய அளவு இருக்கவேண்டும். அது தடையின்றி ஓடவேண்டும். ரேடியேட்டரின் ஊடே காற்றுப் போகவேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயு தண்ணீரோடு கலவாதிருக்கவேண்டும். கொதித்தல் எதுவாயினும் இந்நான்கில் ஒன்று தவறியதன் குறியேயாம்.

கிணற்று நீரின் தன்மை

இவ்வட்டாரத்தில் மேற்கூறிய தவறுகளில் பாதிக்கு மேல் வண்டியில் ஊற்றும் நீரிலிருந்தே பிறக்கின்றன என்று சொல்லலாம். செங்கற்பட்டைச் சுற்றிய மேட்டு நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் கடும்பாறையைத் துளைத்துச் செல்கின்றன. அவற்றில் பலவற்றின் நீர் சுண்ணச்சத்து மிகுந்த கடின நீர். சோப்பு நுரையாமையும், பருப்பு வேகத் தாமதமாவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு ஏறுவதும் இதன் அடையாளங்கள். வீட்டுப் பெண்டிர் இதை நன்றாக அறிவார்கள். ஆனால் சமையலுக்கு ஆகாது என்று அவர்கள் ஒதுக்கிய அதே தண்ணீரை ஆண்கள் வண்டியில் ஊற்றிவிடுகிறார்கள்.

கரைந்துள்ள சுண்ணம் நீர் சூடேறும்போது பிரிந்து, எங்கே உஷ்ணம் அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எஞ்சினில் அதிக உஷ்ணமான இடம் சிலிண்டரின் புறச்சுவர். அங்கே ஒரு மில்லிமீட்டர் தடிப்பாகப் படிவு ஏறுமானால், உஷ்ணம் வெளியேறுவதற்கு அது பல சென்டிமீட்டர் தடிப்புள்ள இரும்பைப்போலத் தடை செய்யும். அப்பொழுது தண்ணீர் சாதாரண உஷ்ணத்தில் இருந்தாலும் உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும். பம்புசெட்டு ஆயில் எஞ்சின்களில் இறைக்கும் நீரையே எஞ்சினின் உறைக்குள் செலுத்தி வெளியே விடும் வழக்கம் இருப்பதால், அவற்றில் இப்படிவு இன்னும் விரைவாக ஏறும்.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்தில் தீமை வேறு விதமானது. அங்கே மணலில் தங்கிய நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறிவிடும். உப்பு நீர் இரும்பைத் துருவாக்கும். அலுமினிய மூடியை அரித்துப் புள்ளிபுள்ளியாகத் துளைக்கும். பித்தளை ரேடியேட்டரின் ஈயப்பற்றையும் கெடுக்கும். அக்கடற்கரையிலேயே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கப்படுகிறது. ஆயினும் அங்கே கடல்நீர் தனிக் குழாய்களில் ஓடி, உள்ளே சுற்றும் சுத்த நீரின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுமேயன்றி, அதனோடு கலப்பதில்லை. அவ்வளவு காத்தும், கடல்நீர் வரும் சுரங்க வழியில் ஆளிச்சிப்பிகள் அடைந்து வளர்ந்து தொல்லை கொடுத்தது தெரிந்த விஷயம். நீர் ஓடும் வழியைக் காப்பது சிறு வேனுக்கும் பெரு நிலையத்துக்கும் பொதுவான கவலைதான்.

கொதித்தவுடன் செய்யத்தக்கது

உஷ்ணமானியின் முள் சிவப்புக்குப் போனவுடன் பாரத்தைக் குறைத்து, வண்டியை ஓரம் கட்டவேண்டும். ஆவி பீறிட்டு வரவில்லையானால், எஞ்சினை ஒரு நிமிஷம் பாரமின்றிச் சுற்றவிட்டுப் பின் நிறுத்துவது நல்லது. ஆவி வெளிப்பட்டுவிட்டால் அக்கணமே நிறுத்துதல் வேண்டும்.

இதன்பின் செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு உண்டு. முதலாவது, சூடான மூடியைத் திறத்தல். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்தவுடன் அழுத்தம் நீங்கி, ஒரே சமயத்தில் ஆவியாகி முகத்தில் பாயும். ஆண்டுதோறும் கோடையில் இவ்வாறு முகமும் மார்பும் வெந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மட்டடார் முதலிய வேன்களில் எஞ்சின் பெட்டி ஓட்டுநரின் பக்கத்திலேயே இருத்தலால், பெட்டியின் மேல்மூடியைத் தூக்குவதற்கு முன் ஆசனங்களில் உள்ள பெண்களையும் குழந்தைகளையும் இறக்கிவிடுதல் அவசியம். குறைந்தது அரைமணி நேரம் கழித்து, ரேடியேட்டரின் மேல் ரப்பர்க் குழாயைக் கையால் அமுக்கிப் பார்த்து அது தளர்ந்திருந்தால் மட்டுமே, தடித்த ஈரத்துணியைப் போட்டு மூடியை முதற்படி வரை திருப்பி, காற்றுப் போனபின் எடுக்கலாம்.

இரண்டாவது, வெந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுதல். இரும்பு வெடிக்கும். எஞ்சின் ஆறியபின், அதைச் சுற்றவிட்டுக்கொண்டே சிறிது சிறிதாக ஊற்றவேண்டும்.

எப்பொழுது சூடேறுகிறது

நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பான். அவன் முதலில் கேட்பது, “எப்பொழுது கொதிக்கிறது?” என்பதே. வண்டிக்காரர் இதற்குச் சரியான பதில் சொல்வாரானால் சோதனை பாதி முடிந்துவிடும்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரகடம் சாலை பிரியுமிடத்தில் சரக்கு லாரிகளின் நெருக்கத்தில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் முள் இறங்குமானால், குற்றம் பெரும்பாலும் விசிறியிடம் இருக்கும். ஓடும் வேகத்தில் காற்றுத் தானே வருகிறது. நிற்கும்போது விசிறிதான் அதை இழுக்கவேண்டும். இதற்கு நேர்மாறாக, நிற்கையில் ஒன்றும் நேராமல், பாரத்தோடு செங்கற்பட்டு வரை ஒரே வேகத்தில் போகையில் முள் மெல்ல மெல்ல ஏறுமானால், ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருப்பதையோ, பம்பு தேய்ந்திருப்பதையோ சந்தேகிக்கவேண்டும். புறப்பட்ட ஐந்து நிமிஷத்திற்குள் கொதித்தால், தெர்மோஸ்டாட் திறவாமை, காற்றடைப்பு, காஸ்கெட் பழுது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். நிறுத்தியபின் முள் சிறிது ஏறித் தணிவது மட்டும் நோயன்று; ஓட்டம் நின்ற தண்ணீர் இரும்பின் சூட்டை வாங்குவதால் நேருவது.

உஷ்ணமானியை முழுதும் நம்பவும் கூடாது. பழைய வண்டிகளில் எஞ்சினிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியின் உறை தேய்ந்து உடற்பாகத்தைத் தொட்டுவிட்டால், குளிர்ந்த எஞ்சினிலும் முள் சிவப்புக்கு ஓடும். இதனால் பயமேயன்றித் தீங்கில்லை. இதைவிட அபாயமானது, தண்ணீர் அடியோடு குறைந்துவிட்டபோது முள் இறங்கிக் காட்டுவது. அளக்கும் குமிழ் நீரில் மூழ்காமல் ஆவியில் நிற்பதே காரணம். முள் திடீரென்று கீழே விழுந்ததைக் கண்டு சந்தோஷப்பட்டு ஓட்டியவர்கள் எஞ்சினை இழந்திருக்கிறார்கள்.

வெளிக்கசிவும் உட்கசிவும்

அடுத்தபடியாகத் தண்ணீர் குறைகிறதா என்று காணவேண்டும். தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, நீரின் மட்டத்தைப் பார்த்து, ஊற்றிய அளவை ஒரு சிறு நோட்டில் எழுதி வருதல் நலம். ஊராட்சிக்குச் சொந்தமான டிராக்டரும் குடிநீர் வண்டியும் பலர் கையில் மாறி மாறி ஓடுவதால், அவற்றிற்கு இந்நோட்டு இன்னும் அவசியம். வாரம் அரை லிட்டர் குறைந்தது, பிறகு தினம் அரை லிட்டர் ஆயிற்று என்று நோட்டில் கண்டால், கிராம அதிகாரி வண்டி நிற்பதற்கு முன்பே பழுதைத் தடுத்துவிடலாம்.

இரவில் வண்டியின் கீழே பழைய அட்டையை விரித்து வைத்தால் சொட்டிய இடம் தெரியும். தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அது பம்பின் உள்முத்திரை தேய்ந்ததை அறிவிப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதில் நீர் சொட்டுமானால் பம்பை மாற்றவேண்டுமேயன்றி, சிலர் செய்வதுபோல் துவாரத்தை அடைத்தல் பெருந்தவறு. நீர் உள்ளே திரும்பி பேரிங்கைக் கெடுத்துவிடும். ரப்பர்க் குழாய்களின் முனைகள், ரேடியேட்டரின் மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் சேருமிடங்கள், எஞ்சின் பக்கங்களில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு அடைப்புகள் ஆகியவற்றில் வெள்ளைக் கோடோ துருக்கோடோ காய்ந்திருந்தால், அதுவே கசிவின் தடம். சூடானபோது மட்டும் கசிந்து உடனே ஆவியாகிவிடும் கசிவுக்கு இத்தடத்தைத் தவிர வேறு சாட்சி இராது.

வழியில் கசிவை அடைக்க மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போடும் பழக்கம் ஓட்டுநர்களிடையே உண்டு. தூள் ஊறிப் பருத்து மெல்லிய பிளவை அடைப்பது மெய்தான். வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் பிளவை அடைக்கும் பொருள் நல்ல குழாயையும் அடைக்கும் என்பதை மறந்து, மாதக்கணக்காக அப்படியே விட்டுவிடுவதே தீமை.

வெளியில் ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் குறையுமானால் அது எஞ்சினுக்குள் போகிறதென்று கருதவேண்டும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறமாக நுரைத்திருக்கும். அந்நிலையில் எஞ்சினை மறுபடி கிளப்பவே கூடாது. எண்ணெயின் வழுவழுப்பு அற்றுப்போன பேரிங்குகள் சில நிமிஷத்தில் தேய்ந்துவிடும். எண்ணெய் சுத்தமாயிருந்தும் புகைபோக்கியில் சூடான எஞ்சினிலும் வெண்புகை நில்லாமல் வந்தால், தண்ணீர் சிலிண்டரில் எரிகிறது என்பது பொருள்.

காஸ்கெட் பழுதைச் செலவின்றிக் கண்டுகொள்ள ஒரு பழைய முறை உண்டு. அதிகாலையில், குளிர்ந்த எஞ்சினில், மூடியைத் திறந்து கழுத்து வரை நீர் நிரப்பி, பம்பு நீரைக் கலக்காதிருக்க விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஒரு நிமிஷத்திற்கு மேற்படாமல் ஓட்டி, நீர்மட்டத்தைக் கவனிக்கவேண்டும். முதலில் ஓரிரு குமிழ்கள் வந்து நிற்பது அடைபட்டிருந்த காற்று. முறுக்கும்போதெல்லாம் குமிழ்கள் இடைவிடாமல் கிளம்புமாயின், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. மூடியும் பெல்ட்டும் மாட்டிய நிலையில், குளிரில் கிளப்பிய இரண்டு நிமிஷத்திற்குள் மேல் ரப்பர்க் குழாய் கல்லைப்போல இறுகுவதும் இதற்கு மற்றொரு அடையாளம். இக்குறிகள் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே சிலிண்டர் மூடியைக் கழற்றச் சம்மதிக்கலாம். கழற்றியபின் அதன் முகத்தை நேர்சட்டம் வைத்துப் பாராமல் புதுக் காஸ்கெட் மட்டும் போட்டு மூடுவது பணத்தை வீணாக்குவதாகும்.

மூடி, பெல்ட், விசிறி

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடியென்று நினைப்பவர் அநேகர். அதில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, குறித்த அழுத்தம் வரை நீரை அடக்கி, அதற்குமேல் வெளியே விடும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் அடக்கும் மூடி இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரியிலும், 13 பவுண்டு மூடி இருந்தால் ஏறக்குறைய 119 டிகிரியிலும்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ அது 100 டிகிரியிலேயே கொதித்து வழிந்துவிடும். மற்றொரு கதவு, எஞ்சின் ஆறும்போது வெளியிலிருந்து காற்றையோ நீரையோ உள்ளே விடுவது. அது ஒட்டிக்கொண்டால் ஆறிய வண்டியில் ரப்பர்க் குழாய்கள் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடக்கும். மூடியின் விலை அற்பம். ஆகையால் சந்தேகம் வந்தால் முதலில் மாற்றவேண்டியது அதுவே. ஆனால் பழைய ரேடியேட்டருக்கு அதற்குரிய அழுத்த அளவுள்ள மூடியையே வாங்கவேண்டும். அதிக அழுத்த மூடியைப் போட்டால் பழைய பற்றுகள் பிளந்துவிடும்.

பெல்ட்டை இரண்டு கப்பிகளின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிட்ட பெல்ட் இறுக்கினாலும் வழுக்கும். விசிறியைக் கழற்றி மாட்டும்போது முன்பின்னாக மாட்டிவிடுவதும், அதைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டை இடைஞ்சலென்று எடுத்தெறிவதும் பட்டறைகளில் நடப்பவை. கூண்டில்லாத விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கலக்கிக்கொண்டிருக்குமேயல்லாமல் ரேடியேட்டர் வழியாக இழுக்காது.

ரேடியேட்டரின் வெளிமுகத்தையும் பார்க்கவேண்டும். நெல் களத்தில் நின்ற வேனிலும் டிராக்டரிலும் பதரும் வைக்கோல் தூசியும் தகடுகளின் நடுவே புகுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் மூடிவிடும். இதை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாகக் காற்றடித்தோ, மெல்லிய நீர் விட்டோ வெளியேற்றவேண்டும். சர்வீஸ் நிலையத்துப் பலத்த பீச்சுநீரை நேராக விட்டால் தகடுகள் மடங்கிக் காற்றுவழி அடைந்துபோம். அறுவடைக் காலத்தில் இதைத் தினம் மாலையில் செய்யலாம். முகப்பில் பெயர்ப் பலகை, ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு முதலியவற்றை வரிசையாகப் பூட்டிக்கொண்டு, வண்டி சூடேறுகிறதே என்று குறைப்படுவோரும் உண்டு. அவர்கள் ஒரு நாள் அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தல் நலம்.

ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்

மேலே சொன்னவை யாவும் ஒழுங்காயிருந்தும் கொதித்தால் நீரோட்டத்தைச் சோதிக்கவேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் நிறுத்தி, விசிறியில் கைபடாமல், மேல் ரப்பர்க் குழாயையும் கீழ் ரப்பர்க் குழாயையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். கீழ்க்குழாய் மேற்குழாயைவிடச் சற்றுச் சூடு குறைந்திருப்பது முறை. இரண்டும் ஒரே கொதியாயிருந்தால் நீர் ஓடுகிறது, ஆனால் காற்று அதன் உஷ்ணத்தை வாங்கவில்லை. மேற்குழாய் கொதித்துக் கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கிறது. அல்லது பம்பு நீரைத் தள்ளவில்லை. இரண்டு குழாய்களும் குளிர்ந்திருக்க எஞ்சின் மட்டும் கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றுவிட்டது. ரேடியேட்டரின் முகத்தில் கையை வைத்துப் பார்க்கையில் நடுநடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால், அக்குழாய்கள் படிவினால் அடைந்துவிட்டன.

அடைந்த ரேடியேட்டரைக் கழற்றி, தலைகீழாக நிறுத்தி, நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக விட்டுக் கழுவினால் சேறும் துருவும் வெளியேறும். ஒட்டிய சுண்ணம் இதற்கு அசையாது. அதற்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் விகிதம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரைச் சிறிது நேரம் நிரப்பி வைத்து, நுரைத்தல் அடங்கியபின் பலமுறை சுத்த நீரால் அலசவேண்டும். காஸ்டிக் சோடாவை அலுமினியம் உள்ள எஞ்சினில் சேர்க்கவே ஆகாது. மிகவும் அடைந்துபோன ரேடியேட்டரைக் குழாய்க் கூட்டோடு மாற்றிவிடுவதே முடிவில் மலிவு.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி இந்நாட்டில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. “இது குளிர் தேசத்துச் சரக்கு, நமது வெயிலுக்கு வேண்டாம்” என்று சொல்லி மெக்கானிக்குகள் அதை எடுத்தெறிந்துவிடுகிறார்கள். இது சரியன்று. அது இல்லாத எஞ்சின் உரிய உஷ்ணத்தை அடையாமல் ஓடி, டீசலை அதிகம் குடித்து, சிலிண்டரை விரைவில் தேய்க்கும். மேலும் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழிக் குழாயை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். கொதியைத் தீர்க்க எடுத்தெறிந்த செயலே கொதிக்குக் காரணமாகிவிடும். நல்லதோ கெட்டதோ என்று அறிய, அதை நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, அடுப்பில் சூடேற்றி, உஷ்ணமானியோடு பார்த்தால் போதும். அதன்மேல் பொறித்த எண்ணை ஒட்டி, சாதாரணமாக 82 டிகிரியில், திறக்கத் தொடங்கவேண்டும். கொதிநீரிலும் திறவாதது உதவாது.

காற்றடைப்பு

நீரை முழுதும் மாற்றிய மறுநாளே வண்டி கொதிக்குமானால் உள்ளே காற்று அடைபட்டிருக்கக்கூடும். எஞ்சின் ஓரிடத்தும் ரேடியேட்டர் வேறிடத்தும் உள்ள வேன்களில் இது அதிகம். 1960, 1970-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியாவுக்கு வந்த பிரயாணிகள் படுக்கை வசதியுள்ள வோக்ஸ்வாகன் வேன்களைப் பெரிதும் விரும்பினர். அவற்றின் எஞ்சின் பின்புறத்தில், தண்ணீரேயின்றிக் காற்றினால் குளிர்வது. பெல்ட் அறாத வரை கவலையில்லை. அதே கம்பெனி 1982 முதல் தன் வேன்களின் பெட்ரோல் எஞ்சின்களையும் தண்ணீரால் குளிரச் செய்து, எஞ்சினைப் பின்னாலேயே வைத்து, ரேடியேட்டரை முன்னால் வைத்தது. நடுவே நீண்ட குழாய்கள் ஓடுவதால், முறையாகக் காற்று நீக்காமல் நீர் நிரப்பிய அவ்வண்டிகள் புத்தம்புதிய பாகங்களோடும் கொதித்தன. இங்குள்ள வேன்களுக்கும் பாடம் ஒன்றே. ரேடியேட்டர் மேட்டை நோக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, மெல்ல நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்பி, பிறகே மூடவேண்டும்.

நிரப்பும் நீர்

வண்டிக்கு ஏற்ற நீர் மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை கூரையைக் கழுவியபின், இரண்டு கேன் நீரை வடிகட்டி மூடி வைத்துக்கொண்டால் ஒரு வண்டிக்கு ஆண்டு முழுதும் போதும். தவறினால் பாட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரை வாங்கலாம். ஏரி நீரும் வாய்க்கால் நீரும் தெளிவாகத் தோன்றினாலும் சேறும் பாசியும் உள்ளவை. கிணற்று நீர் வழியில் வேறு கதியில்லாதபோது மட்டும் ஊற்றி, வீடு சேர்ந்ததும் வடித்துவிடத்தக்கது.

இத்துடன் கூலண்ட் எனப்படும் கிளைக்கால் திரவத்தைச் சரிபாதியாகக் கலத்தல் நல்லது. நமது நாட்டில் நீர் உறைவதில்லையாதலால் அது வேண்டாமென்பர். உறையாமை அதன் குணங்களில் ஒன்றே. துருவைத் தடுக்கும் மருந்துகள் அதில் சேர்ந்திருப்பதும், சரிபாதிக் கலப்பில் கொதிநிலை 106 டிகிரி அளவுக்கு உயர்வதும் இங்கே பயன்படுவன. அதிகமானால் நன்மை என்று நீரின்றி ஊற்றுவது தவறு. கிளைக்கால் தண்ணீரைப்போல உஷ்ணத்தை ஏற்பதில்லை. துரு தடுக்கும் மருந்து நாளடைவில் தீர்ந்துவிடுமாகையால், டப்பாவில் குறித்த காலப்படி, பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, மாற்றவேண்டும். பச்சை, சிவப்பு என்னும் நிறத்தைக் கொண்டு வகையை நிச்சயிக்கக் கூடாது. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகித் திரண்டு குழாயை அடைத்துவிடும்.

வடித்த பழைய கூலண்டைக் களத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவது பெருந்தீங்கு. எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. நாயும் கன்றும் தேடிக் குடிக்கும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துக் கொன்றுவிடும். மனிதருக்கும் அது விஷம். ஆகையால் தொட்டியில் பிடித்து, மூடியுள்ள டப்பாவில் அடைத்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்திருந்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் சேர்த்துவிடவேண்டும். தரையில் சிந்தியிருந்தால் மண்ணைப் போட்டு உறிஞ்சி, அம்மண்ணையும் வாரி அப்புறப்படுத்தி, அதுவரை மாடுகளை அவ்விடத்தில் கட்டாதிருத்தல் வேண்டும்.